நாளைக் குறிக்காதீர்கள், ஊரைக் குறியுங்கள்

கேள்வி: நானும் கணவரும் இங்கிலாந்தில் வசிக்கிறோம். அவர் ஓய்வு பெற்ற பிறகு 36 அடிப் பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, இந்தக் குளிர்காலத்தைக் கரீபியன் தீவுகளில் கழித்தோம். மே மாதம் பெர்முடா வழியாக, அட்லாண்டிக்கின் நடுவே போர்ச்சுகலுக்குச் சொந்தமான அசோர்ஸ் தீவுகளுக்குப் புறப்படுகிறோம். வழியில் பழகிய மூன்று படகுக் குடும்பத்தார், அங்குள்ள ஃபையால் தீவின் ஓர்ட்டா துறைமுகத்தில் ஜூன் முதல் ஞாயிறன்று எல்லோரும் கூட வேண்டும் என்கிறார்கள். அதற்குள் போய்ச் சேருவோமா என்று கவலையாக இருக்கிறது. நாங்கள் மது அருந்துவதில்லை. அங்கே சந்திப்பெல்லாம் மதுக்கூடத்தில்தான் என்று கேள்விப்படுகிறேன். நான் எளிதில் பழகுகிறவளும் அல்ல. எப்படிச் சமாளிப்பது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் கவலைகளில் முதலாவதுதான் உண்மையில் கவலைப்பட வேண்டியது. பெர்முடாவிலிருந்து ஓர்ட்டா ஏறக்குறைய 1,800 கடல் மைல். உங்கள் படகு சராசரியாக மணிக்கு 5 கடல் மைல் ஓடினால் 15 நாள் ஆகும். காற்று தளர்ந்து வேகம் நான்காகக் குறைந்தால் 19 நாள் ஆகும். அசோர்ஸ் உயரழுத்த மண்டலம் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து உங்களுக்கு நல்ல மேற்குக் காற்றும் வாய்க்கலாம், நாள்கணக்கில் பாய் அசையாத அமைதியும் வாய்க்கலாம். காற்றைத் தேடி வடக்கே ஏறினால் புயலின் பாதைக்கு அருகில் போகிறீர்கள். உங்கள் அளவுப் படகில் இத்தனை தொலைவுக்கும் எஞ்சினை ஓட்டுமளவு டீசலும் ஏற்ற முடியாது. இந்த நிலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை மனத்தில் வைத்துக்கொண்டால், வானிலை அறிக்கை இன்னும் மூன்று நாள் பொறுங்கள் என்று சொல்லும்போதும் நங்கூரத்தைத் தூக்கத் தோன்றும். எனக்கு அச்சம் தருவது அதுதான்.

ஆகவே அந்த மூன்று குடும்பத்தாருக்கும் இன்றே எழுதுங்கள். வந்து சேரும் நாளைச் சொல்லாமல், தங்கும் நாட்களைச் சொல்லுங்கள்: “நாங்கள் வந்து சேர்ந்த பிறகு பத்து நாள் ஓர்ட்டாவில் இருப்போம், நீங்களும் அப்படியே இருந்தால் எப்படியும் சந்திப்போம்.” இதில் தயங்க ஒன்றுமில்லை, அவர்களுக்கும் இது நிம்மதியாகவே இருக்கும். ஒரு படகு எத்தனை நாள் தாமதமானால் யார் யாருக்குத் தகவல் சொல்வது என்பதையும் புறப்படுமுன் பேசி முடிவு செய்யுங்கள். அந்தக் கடற்பகுதியில் தேடுதலையும் மீட்பையும் ஒருங்கிணைப்பது அசோர்ஸின் பொன்டா டெல்காடா நகரில் உள்ள மீட்பு மையம். அதன் எண் கரையில் உள்ள உங்கள் உறவினர் ஒருவரிடம் இருக்கட்டும்.

பழகுவதைப் பற்றி நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை, ஏனென்றால் பாதி வேலையை அந்த ஊரே செய்துவிடுகிறது. 1986இல் திறக்கப்பட்ட ஓர்ட்டா மரீனா, அதாவது பாய்மரப் படகுகள் கட்டும் துறை, மே, ஜூன் மாதங்களில் அட்லாண்டிக்கைக் கடந்து வரும் படகுகளால் நிரம்பிவிடும். இடம் போதாமல் ஒரு படகின் பக்கத்தில் இன்னொன்றாக வரிசையாகக் கட்டுவார்கள். நீங்கள் கரைக்குப் போக வேண்டுமென்றால் அடுத்தவர் படகின் மேலேறித்தான் போக வேண்டும். அதற்கொரு முறை உண்டு: அவர்கள் உட்கார்ந்து உண்ணும் பின்பகுதி வழியாகப் போகாமல் பாய்மரத்துக்கு முன்னால் சுற்றி, ஓசையின்றி நடந்து போக வேண்டும். இரண்டு படகும் அலையில் உருளும்போது பாய்மரங்களின் குறுக்குக் கைகள் மோதிக்கொள்ளாதபடி ஒன்றைச் சற்று முன்னும் மற்றதைச் சற்றுப் பின்னும் தள்ளிக் கட்டுவதும் முக்கியம். அந்தச் சரிபார்ப்பிலேயே முதல் பேச்சு தொடங்கிவிடும். யாரையாவது பார்க்கப் போனால், கரையில் நின்று படகின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, பக்கவாட்டில் தட்டி, அவர்கள் அழைத்த பிறகே ஏறுங்கள். அன்றுதான் வந்து சேர்ந்தவர்களாக இருந்தால், எறியும் கயிற்றைப் பிடித்துக் கட்டிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். இரண்டு வாரமாக முறைபோட்டுத் தூங்கியவர்களுக்கு அன்றைக்கு வேண்டியது உறக்கம்.

மரீனாவின் சுவரையும் நடைபாதையையும் படகுக்காரர்கள் வரைந்த ஓவியங்கள் மூடியிருக்கும். படகின் பெயர், ஆண்டு, வந்தவர்களின் பெயர் ஆகியவற்றைத் தீட்டாமல் புறப்பட்டால் பயணம் நல்லபடியாக அமையாது என்பது அங்குள்ள நம்பிக்கை. நம்பிக்கை உங்களுக்கு இல்லாவிட்டாலும் வரையுங்கள். மங்கிப்போன பழைய ஓவியம் ஒன்றைத் தேர்ந்து, அடிப்பூச்சு அடித்து, காயக் காத்திருந்து, நீங்கள் அடுத்த நிறம் தீட்டுவதற்குள், நீலம் தீர்ந்துபோனவர் ஒருவர் உங்களிடம் கேட்டு வருவார், தூரிகை இல்லாதவர் இன்னொருவர் வருவார். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு, கைக்கு வேலை இருக்கும் இடத்தில் பேசுவதைப் போல எளிதானது வேறில்லை.

மதுக்கூடம் என்று நீங்கள் கேள்விப்பட்டது 1918இல் தொடங்கிய பீட்டர் கஃபே ஸ்போர்ட்டாக இருக்கும். ஜின் டானிக்குக்குப் பேர்போன இடம்தான். ஆனால் காபி குடித்துவிட்டு, திமிங்கிலப் பல்லில் செதுக்கிய சித்திரங்கள் நிறைந்த மாடி அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டும் வரலாம். அதைவிட, உங்கள் படகுக்கே அவர்களை அழையுங்கள். அவரவர் பானத்தை அவரவரே கொண்டுவருவது படகுக்காரர்களிடையே பரவலான வழக்கம் என்பதால், நீங்கள் மது வாங்கி வைக்கவில்லை என்று யாரும் குறையாக நினைக்கப் போவதில்லை. போர்த்துக்கீசியச் சமையலில் கொண்டைக்கடலைக்கு இடமுண்டு, கடைகளிலும் கிடைக்கும். தாளித்துச் சுண்டல் செய்து கொடுங்கள். அசோர்ஸிலேயே சாவ் மிகேல் தீவில், கொர்ரியானா தோட்டத்தில் 1883 முதல் தேயிலை விளைகிறது. அதிலேயே தேநீர் போடலாம். ஆறு பேருக்கு மேல் அழைக்க வேண்டாம், உட்கார இடமிருக்காது.

கூடியபின் துறைமுகத்திலேயே அடைந்து கிடக்காமல் நால்வர் குடும்பமும் ஒரு வாகனம் பேசிக்கொண்டு, 1957–58 எரிமலை வெடிப்பில் சாம்பல் மூடிய கப்பெலின்யோஸ் முனைக்குப் போய் வாருங்கள். படகுக்காரர்கள் படகுக்காரர்களோடு மட்டுமே பேசிவிட்டுத் திரும்புவது அந்தத் தீவு மக்களுக்குச் செய்யும் நியாயமாகாது. வீடிழந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களின் உறவினர் பலர் இன்னும் அங்கே வாழ்கிறார்கள்.

பத்து நாள் முடிந்தும் யாரேனும் வரவில்லை, நீங்களோ வானிலை பார்த்துப் புறப்பட்டாக வேண்டும் என்றால், மரீனா அலுவலகத்தில் அவர்கள் படகின் பெயரை உறையில் எழுதி ஒரு கடிதம் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். அடுத்து எந்தத் துறைமுகம், அங்கே எத்தனை நாள் தங்குவீர்கள் என்பதை அதில் எழுதினால் போதும்.