எமோஜி: வாசகர் கேள்விகள்

எமோஜியைக் கண்டுபிடித்தவர் ஜப்பானின் ஷிகெதாகா குரிதா என்கிறார்களே, சரியா?
– வாசகர், திருச்சி

முழுக்கச் சரி என்று சொல்ல முடியாது. குரிதா 1999-ல் ஜப்பானியக் கைபேசி நிறுவனமான என்டிடி டொகோமோவின் ஐ-மோட் என்ற கைபேசி இணையச் சேவைக்காக 176 எமோஜிகளை உருவாக்கினார். ஒவ்வொன்றும் 12-க்கு 12 புள்ளிக் கட்டத்துக்குள் அடங்கும். ஆனால் 1997-லேயே ஜே-ஃபோன் என்ற இன்னொரு ஜப்பானிய நிறுவனம் விற்ற ஒரு கைபேசியில் 90 இருந்தன (மலக்குவியல் அப்போதே உண்டு!). ஒவ்வொரு நிறுவனமும் தன் எமோஜிகளுக்குத் தனித்தனி எண் கொடுத்ததால், வேறு நிறுவன போனுக்கு அனுப்பினால் குழப்பம்தான். 2010-ல், எழுத்துகளுக்குக் கணினி எண் வகுக்கும் உலகத் தரமான யூனிகோட், எமோஜிகளுக்கும் பொது எண்களை வகுத்த பிறகே இது தீர்ந்தது.

என் பழைய போனில் சில எமோஜிகள் வெறும் கட்டமாகவும், குடும்ப எமோஜி நான்கு தனி முகங்களாகவும் தெரிகின்றன. ஏன்?
– வாசகி, திண்டுக்கல்

உங்களுக்கு வருவது படமல்ல, எண். அதற்குரிய படம் உங்கள் போனின் எழுத்துருவில் இருக்க வேண்டும், இல்லையென்றால் கட்டம்தான். அப்பா, அம்மா, மகள், மகன் என்ற குடும்ப எமோஜி, நான்கு முகங்களை மூன்று கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகள் ஒட்டிய தொடர். அந்தத் தொடரை அறியாத போன் முகங்களைத் தனித்தனியாகக் காட்டிவிடும். ஆண்ட்ராய்டு அப்டேட் வராத போனிலும் வாட்ஸ்அப்பை அப்டேட் செய்து பாருங்கள்; அது தன் சொந்தப் படங்களை வைத்திருக்கிறது.

படத்தை வரைவது பெறுபவரின் போன் என்பதில் வேறு வம்பும் உண்டு. 2016-ல் ஆப்பிள் கைத்துப்பாக்கியை நீர்த்துப்பாக்கியாக மாற்றியது. கூகுளும் சாம்சங்கும் 2018-ல்தான் மாற்றின. இடைப்பட்ட காலத்தில் ஐபோனிலிருந்து விளையாட்டாகப் போனது, மறுமுனையில் நிஜத் துப்பாக்கியாக இறங்கியது.

ஆங்கில எஸ்எம்எஸ்ஸில் ஒரே ஒரு எமோஜி சேர்த்ததும் மூன்று எஸ்எம்எஸ் கட்டணம் வந்தது. எப்படி?
– கடைக்காரர், ஈரோடு

வெறும் ஆங்கிலம் என்றால் ஓர் எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்து. எமோஜி நுழைந்தால் முழுச் செய்தியும் வேறு குறியாக்கத்துக்கு மாறி வரம்பு 70 ஆகும். அதைத் தாண்டினால் 67 வீதம் துண்டாகும். சாதாரண எமோஜிக்கு இரண்டு இடம். ஆக, 150 எழுத்தும் ஒரு சிரிப்பும் 152, மூன்று துண்டு. தமிழ்ச் செய்திக்கு எப்போதுமே 70தான். எமோஜியால் கூடுதலாகப் போவது அந்த இரண்டு இடம் மட்டுமே.

ஒப்பந்தத்துக்குக் கட்டைவிரல் எமோஜி அனுப்பினால் சம்மதம் ஆகுமா?
– வாசகர், கோவை

கனடாவின் சஸ்காட்செவனில் ஆகியிருக்கிறது. வாங்குபவர் அனுப்பிய ஆளி விதை ஒப்பந்தத்தின் படத்துக்குக் கட்டைவிரல் அனுப்பிய விவசாயி சரக்கைத் தரவில்லை. 2023-ல் நீதிமன்றம் சுமார் 82,000 கனடிய டாலர் இழப்பீடு விதித்தது. முந்தைய ஒப்பந்தங்களுக்கும் அவர் ‘சரி’ என்ற ரீதியில் ஒரு வார்த்தை அனுப்பியே சரக்கு கொடுத்திருந்தார். தீர்ப்பில் அதுதான் எடுபட்டது. நீங்கள் “கிடைத்தது, படித்துவிட்டுச் சொல்கிறேன்” என்று எழுத்திலேயே அனுப்புங்கள்.