கன உலோகத்தைப் பிடிக்கக் கழிவுப் பொருள் போதுமா? – கேள்வி பதில்

தேங்காய் நார்க்கழிவு, முட்டை ஓடு, இரும்புச் சீவல் போன்றவற்றால் கழிவுநீரிலிருந்து ஈயம், குரோமியம் போன்ற கன உலோகங்களை நீக்குவது குறித்து வாசகர்கள் கேட்டவற்றுக்குச் சுத்திகரிப்பு நிலைய வேதியியலாளர் ஒருவர் பதில் அளிக்கிறார்.

மின்முலாம் பட்டறை உரிமையாளர், கோவை: குரோம் முலாம் பூசியபின் அலசும் நீர் மஞ்சளாக வருகிறது. பொள்ளாச்சி நார்க்கழிவைத் தொட்டியில் கொட்டினால் சரியாகிவிடுமா?

ஆகாது. ஈயம், செம்பு, காட்மியம் ஆகியவை நேர்மின் அயனிகள். பிஎச் (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்; 7க்குக் கீழே அமிலம்) 5, 6 அளவில் நார்க்கழிவு அவற்றைப் பிடித்துக்கொள்ளும். உங்கள் மஞ்சள் நீரில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம், அதாவது குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவம். அது குரோமேட் என்ற எதிர்மின் அயனியாக இருப்பதால் சாதாரண நீரில் நார்க்கழிவிடம் சிக்காது.

நானாக இருந்தால் லேத் பட்டறையில் கூட்டி அள்ளும் இரும்புச் சீவலைத்தான் கேட்பேன். எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, அமிலம் சேர்த்துப் பிஎச்சை 2, 3க்கு இறக்கிய நீரில் போட்டுக் கலக்குங்கள். இரும்பு எலக்ட்ரானைக் கொடுக்க, குரோமியம் நச்சு குறைந்த மூன்று இணைதிறன் நிலைக்கு வரும். பிறகு சுண்ணாம்பு சேர்த்துப் பிஎச்சை 8, 9க்கு ஏற்றினால் சேறாகப் படியும். மஞ்சள் மறைந்ததும் மதகைத் திறந்துவிடாதீர்கள். நீர்நிலையில் விட ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு அனுமதி லிட்டருக்கு 0.1 மில்லிகிராம், அந்த அளவு கண்ணுக்குத் தெரியாது. அமிலம் சேர்த்த மாதிரியில் டைஃபீனைல்கார்பசைடு என்ற சோதனை வேதிப்பொருளை விட்டுப் பாருங்கள். ஊதா நிறம் வந்தால் இன்னும் மிச்சம் இருக்கிறது.

முதுகலை மாணவி, திருச்சி: முட்டை ஓட்டுத் தூள் 99 விழுக்காடு ஈயத்தை நீக்கியது. இதை நம்பலாமா?

விழுக்காட்டை விடுங்கள், தூளை அள்ளிப் போட்டால் யாருக்கும் 99 வரும். ஒரு கிராம் தூள் எத்தனை மில்லிகிராம் பிடித்தது என்று சொல்லுங்கள். லிட்டருக்கு 50 மில்லிகிராம் ஈயமுள்ள 1,000 லிட்டரில் 50 கிராம் ஈயம் இருக்கிறது. கிராமுக்கு 20 மில்லிகிராம் பிடிக்கும் தூள் என்றால், கணக்குப்படியே இரண்டரைக் கிலோ வேண்டும். இன்னொன்று: ஓட்டில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். ஈயத்தில் ஒரு பங்கு ஒட்டாமல், ஈயக் கார்பனேட்டாக வீழ்படிந்திருக்கலாம். கடைசிப் பிஎச்சை அளந்தீர்களா? காய்ச்சி வடித்த நீரோடு நிறுத்தாமல் ஆலைக் கழிவுநீரிலும் செய்து பாருங்கள். அங்கே கால்சியமும் மக்னீசியமும் ஈயத்தோடு இடத்துக்குப் போட்டியிடும்.

தோல் பதனிடும் தொழிலாளி, ஆம்பூர்: அனல் மின் நிலையச் சாம்பல் பயன்படுமா?

முதலில் அதை வெறும் நீரில் ஊறவைத்து அந்த நீரைச் சோதியுங்கள். சாம்பலிலிருந்தே ஆர்செனிக் என்ற நச்சுத் தனிமம் கசியக்கூடும்.

ஆசிரியர், நாகர்கோவில்: இரும்புச் சீவல் குடிநீருக்கும் உதவுமா?

ஆர்செனிக்குக்கு உதவியிருக்கிறது. ஆர்செனிக் கலந்த வங்கதேசக் கிணறுகளுக்காக வேதியியலாளர் அபுல் ஹுசாம் உருவாக்கிய சோனோ வடிகட்டியில் வார்ப்பிரும்புச் சீவலோடு மணல், கரி, செங்கல் துண்டு எல்லாம் உண்டு. 2007இல் அதற்குக் கிரெய்ஞ்சர் பரிசு கிடைத்தது. ஆனால் அந்தச் சீவல் பதப்படுத்தப்பட்டது. பட்டறைச் சீவலை அப்படியே குடத்தில் போட வேண்டாம்.

விவசாயி, பேரணாம்பட்டு: உலோகம் ஏறிய நார்க்கழிவை எருக்குழியில் போடலாமா? எரித்துவிடலாமா?

இரண்டும் கூடாது. எருக்குழியில் போட்டால் உலோகம் உங்கள் வயலுக்கு வரும். எரித்தால் சாம்பலில் தங்கும். காற்றோட்டத்தில் எரியும்போது மூன்று இணைதிறன் குரோமியம் மறுபடி ஆறாக மாறவும் கூடும். ஈயம், செம்பு பிடித்தது என்றால், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் உலோகத்தைக் கழற்றிச் சில முறை திரும்பப் பயன்படுத்தலாம். கழன்ற உலோகம் அந்த அமிலத்தில் இருக்கும், அதையும் வாய்க்காலில் விடக்கூடாது. தேய்ந்துபோனதை அபாயக் கழிவாகக் கணக்கில் எழுதி, கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற அங்கீகாரம் பெற்ற நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த லாரிச் செலவையும் சேர்த்துத்தான் நார்க்கழிவு மலிவா என்று பார்க்க வேண்டும்.