ஹைவில் பொதுப் பணிக்கு நிதி

கேள்வி: பதிவுகளுக்கு வாக்கு விழுந்தால் கிரிப்டோ காசு தரும் பிளாக்செயின் தளமான ஹைவில் எழுதும் ஐந்து பேர் சேர்ந்து, புதியவர்களுக்குத் தமிழில் வழிகாட்டிக் காணொளிகள் எடுக்க நினைக்கிறோம். அங்குள்ள பொது நிதியில் பணம் கேட்பது எப்படி?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: தாராளமாகக் கேட்கலாம். 2020 மார்ச்சில் ஸ்டீம் என்ற பழைய பிளாக்செயினிலிருந்து ஹைவ் பிரிந்தபோது, ஸ்டீமைத் தொடங்கிய ஸ்டீமிட் நிறுவனத்தின் பங்குக்கு ஈடான காசுகள் இந்த நிதிக்காக ஒதுக்கப்பட்டன. புதிதாக உருவாகும் ஹைவ் காசிலும் 10 சதவீதம் இங்கே வருகிறது. நேர்காணலோ தேர்வுக் குழுவோ கிடையாது, வாக்குதான் தீர்மானிக்கும்.

முதலில் திட்டத்தை விளக்கி உங்கள் கணக்கில் ஒரு பதிவு போடுங்கள். அது இல்லாவிட்டால் முன்மொழிவை, அதாவது நிதி கேட்கும் விண்ணப்பத்தை, சங்கிலி (பிளாக்செயின்) ஏற்காது. பிறகு பணம் பெறும் கணக்கு, தொடக்க நாள், முடிவு நாள், தினத் தொகை ஆகியவற்றை நிரப்பி பணத்தை நகர்த்தும் ரகசியச் சாவியான ஆக்டிவ் கீயால் ஒப்பமிட வேண்டும். தொகை எச்.பி.டி.யில் இருக்கும், அது ஒரு டாலரை ஒட்டி நிற்கும்படி அமைத்த காசு. கட்டணம் 60 நாள் வரை 10 எச்.பி.டி., அதற்கு மேல் நாளுக்கு 1. ஆக, 90 நாள் திட்டத்துக்கு 40. வாக்கு கிடைக்காவிட்டாலும் அது திரும்பாது.

தினத் தொகையைப் பிறகு குறைக்கலாம், கூட்ட முடியாது. எனவே ஒலிவாங்கி, படத்தொகுப்பு, வசன எழுத்து என்று செலவைத் தனித்தனியே கூட்டிப் பார்த்த பிறகே எண்ணை எழுதுங்கள். அந்தக் கணக்கைப் பதிவிலும் போடுங்கள். வாக்கு வலு அதிகமுள்ள பெரிய பங்குதாரர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

கேள்வி: முன்னூறு பேர் எங்கள் முன்மொழிவுக்கு வாக்களித்தும் ஒரு காசு வரவில்லை. ஏன்?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: தலைகளை அங்கே எண்ணுவதில்லை, ஹைவ் பவரை, அதாவது கணக்கில் பூட்டி வைத்த ஹைவ் காசைத்தான் எண்ணுகிறார்கள். உங்கள் முன்னூறு பேரையும் ஒரே பெரிய கணக்கு மிஞ்சிவிடலாம். எதிர்த்து வாக்களிக்க வழியில்லை. செலவு வேண்டாம் என்பவர்கள் 'ரிட்டர்ன் ப்ரபோசல்' என்ற முன்மொழிவை ஆதரிப்பார்கள். அது பணத்தை நிதிக்கே திருப்பி அனுப்பும். அதைவிட அதிக வாக்கு பெற்றால்தான் உங்களுக்குப் பணம் வரும். புதிதாகப் பூட்டிய ஹைவ் பவர் 30 நாள் கழித்துத்தான் வாக்கில் சேரும் என்பதையும் கவனியுங்கள்.

ரிட்டர்ன் ப்ரபோசலைத் தாண்டிய பிறகும் கண் வைத்திருக்க வேண்டும். பணம் மணிக்கொரு முறை வருகிறது. நாளுக்கு 24 எச்.பி.டி. என்றால் மணிக்கு 1. பெரிய கணக்கு ஒன்று வாக்கைத் திரும்பப் பெற்றால் அந்த மணியே நின்றுவிடும். மறுபடி மேலேறினால் தொடரும், ஆனால் இடையில் விட்டது கிடைக்காது, முடிவு நாளும் நீளாது. இதனால் தொடக்க நாளைச் சில வாரங்கள் தள்ளி வையுங்கள்; அதற்குள் ஆதரவு திரட்டலாம். மூன்று மாத வாடகையை முன்பணமாகக் கட்டும் ஒப்பந்தத்தை இந்தப் பணத்தை நம்பிப் போடவே கூடாது.

கேள்வி: எங்களுக்குத் தேவை நூறு டாலர்தான். இவ்வளவு பாடு வேண்டுமா?
(வாசகர், சேலம்)

பதில்: வேண்டாம். குழுவுக்கென ஒரு கணக்கு தொடங்கி, உறுப்பினர்கள் தங்கள் பதிவுகளில் அதை வெகுமதியில் பங்கு பெறும் கணக்காக, அதாவது பெனிஃபிஷியரியாகச் சேர்க்கட்டும். பதிவின் வெகுமதியில் பாதி வாக்களித்தவர்களுக்குப் போகும். எழுதியவரின் பாதியில் நீங்கள் குறித்த சதவீதம் 7 நாள் கழித்துத் தானாகக் குழுவுக்கு வரும். முதல் வாக்கு விழுமுன்பே சேர்த்துவிட வேண்டும், பிறகு முடியாது. வெகுமதியை முழுக்க ஹைவ் பவராகப் பெறும் தேர்வைத் தொடாதீர்கள். அதைத் தேர்ந்தால் குழுவின் பங்கும் பவராகவே வந்து சேரும், அதை வெளியே எடுக்க 13 வாரம் ஆகும்.

குழுக் கணக்கின் ஆக்டிவ் கீ ஒருவர் கையில் மட்டும் இருக்க வேண்டாம். மூவரில் இருவர் ஒப்பமிட்டால்தான் பணம் நகரும்படி அமைக்கச் சங்கிலியிலேயே வசதி உண்டு.