சோலார் சிம்னி வைத்தால் ஏர்கோன் வேண்டாமா?

சுங்கை சிப்புட் வாசகி ஒருவர் கேட்கிறார்: “பழைய தோட்டத்து வீட்டை எடுத்துக் கட்டியிருக்கிறோம். தகரக் கூரை, கீழே பலகை சீலிங். மத்தியானம் அடுப்புக்குள் இருப்பது போல இருக்கிறது, ராத்திரியும் புழுக்கம். பத்தடியில் சோலார் சிம்னி வைத்தால் ஏர்கோனே வேண்டாம் என்கிறான் மகன். காசு போடலாமா?”

அக்கா, காசைக் கொஞ்சம் பிடித்து வையுங்கள்.

மகன் சொல்லும் சிம்னி வேலை செய்யும் என்பது உண்மைதான். சோலார் சிம்னி என்பது வெயிலால் காற்றை இழுக்கும் புகைபோக்கி மாதிரி: கறுப்புத் தகடு, முன்னால் கண்ணாடி, நடுவே ஒரு சாண் இடைவெளி. வெயிலில் உள்ளிருக்கும் காற்று சூடாகி மேலே ஓடும். வீட்டுக் காற்று அந்த இடத்துக்கு இழுபடும். பத்தடி உயரம், உள்ளே 10 டிகிரி கூடுதல் சூடு, ஒரு சதுர அடி வாய் என்று கணக்குப் போட்டால், 12க்கு 10 அடி அறையின் காற்று மணிக்கு நாலைந்து முறை மாறும். கொசுவலை அடித்தால் இன்னும் குறையும்.

நாலைந்து முறை நல்ல கணக்குதான். ஆனால் அறைக்குள் அந்தக் காற்று நகரும் வேகத்தில் ஊதுபத்திப் புகைகூட வளையாது. உடம்பில் பட்டால்தானே வியர்வை காயும்? அதற்குக் காற்றாடிதான். அதோடு, வெளியே 33 டிகிரி என்றால் உள்ளே வருவதும் அதே 33 டிகிரிக் காற்றுதான். மூன்று மணிக்கு மழை இருட்டினால் சிம்னி சோர்ந்துவிடும். நீங்கள் படுக்கப் போகும் நேரத்தில் அதுவும் தூங்கிவிடும்.

உங்கள் பிரச்சினை தகரம். வெயிலில் அதன்மேல் கை வைக்க முடியாது. அந்தச் சூடு சீலிங் வழியாகத் தலையில் இறங்குகிறது. முதலில் தகரத்துக்கு அடியில் அலுமினியத் தாள் அடியுங்கள், பளபளப்புப் பக்கம் கீழே பார்த்து, சீலிங்கைத் தொடாமல். பல பழைய லயங்களில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) சுவருக்கும் கூரைக்கும் நடுவே கம்பிவலை அடித்த சந்து இருக்கும். அழகுக்காக அதை அடைத்திருந்தால் திறந்துவிடுங்கள். ராத்திரி வெளியே 24, 25 டிகிரிக்கு இறங்கும்போது நாக்கோ ஜன்னலை (கண்ணாடிப் பட்டை ஜன்னலை) மூடாதீர்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் மகன் விடவில்லையா? சரி, சமையலறைக்கு வைக்கட்டும். நீங்கள் மீன் பொரிக்கும் நேரமும் உச்சி வெயிலும் ஒன்றுதான். நம் ஊரில் நடுப்பகல் வெயில் தலைக்கு நேரே விழுவதால் கண்ணாடியைச் சுவரில் நிமிர்த்தி வைக்காமல் கூரையோடு சாய்த்து வைக்கச் சொல்லுங்கள். தகட்டின் பின்பக்கம் வெப்பத் தடுப்புப் பஞ்சு வைக்காமல் விட்டால் அந்தச் சூடும் உங்கள் சமையலறைக்குள்தான் வரும்.