கீமோ நாட்களில் அறிகுறிகளை எப்படிக் குறித்து வைப்பது, யாரிடம் சேர்ப்பது?

கேள்வி: என் அம்மாவுக்கு 62 வயது. சினைப்பைப் புற்றுநோய், மூன்றாம் நிலை. அறுவை சிகிச்சை முடிந்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை கார்போபிளாட்டின், பேக்லிடாக்செல் என்ற கீமோ மருந்துகளை ஏற்றுகிறார்கள். மூன்று சுற்று முடிந்துவிட்டது. விரல் நுனிகள் மரத்துப்போகின்றன, பொத்தான் மாட்ட முடியவில்லை, இரவில் தூக்கமில்லை என்று வீட்டில் சொல்கிறார். மருத்துவர் கேட்டால் மட்டும் "பரவாயில்லை, நன்றாக இருக்கிறேன்" என்கிறார். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தால் பயன் உண்டா? எதை எழுதுவது, எதற்கு உடனே போன் செய்வது? பாலியேட்டிவ் கேர் (வலியையும் துன்பத்தையும் தணிக்கும் சிகிச்சை) மருத்துவரையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். கைவிட்டுவிட்டார்களோ என்று அம்மா பயப்படுகிறார். - ஒரு வாசகி

பதில்: பயன் உண்டு. ஆனால் நோட்டைத் தொடங்குவதற்கு முன்பே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. விரல் நுனிகள் மரத்துப்போவதையும் பொத்தான் மாட்ட முடியாததையும், நான்காம் சுற்று மருந்து ஏற்றப்படுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பேக்லிடாக்செல் கை கால்களின் நரம்புகளைப் பாதிக்கக்கூடிய மருந்து. உடலில் ஏறிய மொத்த அளவு கூடக்கூட இந்தப் பாதிப்பும் கூடும். சிகிச்சை முடிந்த பின் பலருக்குக் குறைந்தாலும், சிலருக்கு முழுவதுமாகப் போவதில்லை. இதை வராமல் தடுப்பதற்கென்று நிரூபிக்கப்பட்ட மாத்திரை எதுவும் கிடையாது. எரிச்சலும் வலியும் சேர்ந்திருந்தால் டுலாக்செடின் என்ற மருந்து ஓரளவு உதவும். மற்றபடி மருந்தின் அளவைக் குறைப்பது, சுற்றைத் தள்ளிப்போடுவது, வேறு மருந்துக்கு மாற்றுவது ஆகியவையே மருத்துவர் கையில் இருக்கும் வழிகள். ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ இந்த மரத்துப்போதல் தெரியாது. நோயாளி சொன்னால்தான் தெரியும். அதிலும் "மரத்துப்போகிறது" என்பதைவிட "பொத்தான் மாட்ட முடியவில்லை" என்பதே மருத்துவருக்கு உதவும், ஏனென்றால் அன்றாட வேலை எந்த அளவுக்குத் தடைபடுகிறது என்பதை வைத்துத்தான் பாதிப்பின் தரத்தை அவர்கள் கணிக்கிறார்கள்.

உங்கள் அம்மா "பரவாயில்லை" என்று சொல்வதற்குக் காரணம் இருக்கும். மருத்துவர் அவசரத்தில் இருக்கிறார் என்ற தயக்கம், குறை சொல்கிறோமோ என்ற கூச்சம், இவை பலருக்கும் உண்டு. இவற்றைவிட ஆழமான அச்சம் ஒன்றும் உண்டு: பக்கவிளைவைச் சொன்னால் மருந்தைக் குறைத்துவிடுவார்கள், குறைத்தால் நோய் திரும்பிவிடும் என்பது. இந்த அச்சத்தை அவரிடம் வெளிப்படையாகவே பேசுங்கள். பக்கவிளைவைத் தொடக்கத்திலேயே கவனித்தால்தான் சிகிச்சையை இடையில் நிறுத்தாமல் கொண்டுசெல்ல முடிகிறது; மறைத்து வைத்து, தாங்க முடியாத நிலையில் மொத்தமாக நிறுத்த நேர்வதுதான் உண்மையான இழப்பு.

இதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் ஈதன் பாஷ் தலைமையில் ஓர் ஆய்வு நடந்தது. உடலின் மற்ற இடங்களுக்குப் பரவிய புற்றுநோய்க்காகக் கீமோ பெற்றுவந்த 766 பேர் அதில் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு. மற்றொரு பிரிவினர் வலி, வாந்தி, மூச்சுத்திணறல், மலச்சிக்கல், மரத்துப்போதல் உள்ளிட்ட 12 அறிகுறிகளைக் கணினி வழியாகத் தாங்களே பதிவு செய்தார்கள். ஏதேனும் ஒன்று கடுமையாகவோ முன்பைவிட மோசமாகவோ ஆனால் செவிலியருக்கு உடனே மின்னஞ்சல் போகும். பதிவு செய்தவர்களில் 34 சதவீதத்தினருக்கு வாழ்க்கைத்தரம் மேம்பட்டது. மற்றவர்களில் 18 சதவீதத்தினருக்குத்தான். அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக நேர்ந்தவர்களும் 41 சதவீதத்திலிருந்து 34 ஆகக் குறைந்தார்கள். கீமோவைத் தொடர்ந்து பெற முடிந்த காலம் சராசரியாக 6.3 மாதத்திலிருந்து 8.2 மாதமாக நீண்டது. 2017இல் வெளியான தொடர்முடிவில், உயிர்வாழ்ந்த காலத்தின் இடைநிலை அளவு (பாதிப் பேராவது வாழ்ந்த காலம்) 26 மாதத்துக்குப் பதில் 31.2 மாதமாக இருந்தது.

இந்தக் கடைசி எண்ணை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அதே குழுவினர் பின்னர் அமெரிக்காவின் 52 சிகிச்சை மையங்களில், 1,191 நோயாளிகளுடன் நடத்திய பெரிய ஆய்விலும் உடல் இயக்கம், அறிகுறிக் கட்டுப்பாடு, வாழ்க்கைத்தரம் மூன்றும் மேம்பட்டன, ஆனால் உயிர்வாழும் காலத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆகவே ஆயுள் நீளும் என்ற வாக்குறுதியாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. நாட்கள் துன்பம் குறைந்து கழியும் என்பதற்கே உறுதியான சான்று இருக்கிறது; ஒரு நோட்டுப் போடுவதற்கு அந்தக் காரணமே போதும் என்பது என் கருத்து.

இன்னொரு விவரத்தையும் கவனியுங்கள். நியூயார்க் ஆய்வில் செவிலியர்களுக்குப் போன எச்சரிக்கைகளில் முக்கால் பங்குக்கும் மேற்பட்டவற்றில் ஏதேனும் நடவடிக்கை எடுக்கப்பட்டது: போனில் ஆலோசனை, மருந்து மாற்றம், மருத்துவமனைக்கு வரச் சொல்வது என்று. பலன் தந்தது கணினி அல்ல, மறுமுனையில் இருந்த செவிலியர்தான். கணினிப் பழக்கம் இல்லாதவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே பயனடைந்தார்கள் என்பதையும் அம்மாவிடம் சொல்லலாம். எனவே எந்தச் செயலி நல்லது என்று தேடுவதற்கு முன், வீட்டிலிருந்து சொல்லும் விஷயத்தை யார் கேட்பார்கள், பகலில் எந்த எண், இரவிலும் விடுமுறை நாளிலும் எந்த எண் என்று மருத்துவமனையில் கேட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். யாரும் பார்க்காத நோட்டு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் சிகிச்சையில் எதையும் மாற்றாது.

எழுதும் முறையைப் பொறுத்தவரை, குறைவாக எழுதுவதே நல்லது. ஒவ்வொரு மணி நேரமும் "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் அம்மா களைத்துப்போவார், நோயைத் தவிர வேறு நினைப்பே இல்லாமலும் ஆகிவிடும். மருந்து ஏற்றிய முதல் வாரம் நாளுக்கு ஒருமுறை, அதன் பிறகு நிலைமை சீராக இருந்தால் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை என்பது பெரும்பாலானோருக்குப் போதும். நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள். பாலியேட்டிவ் மருத்துவர்கள் 1991 முதல் பயன்படுத்திவரும் எட்மன்டன் அளவீடு இதற்கு நல்ல மாதிரி: வலி, சோர்வு, தூக்கக்கலக்கம், குமட்டல், பசியின்மை, மூச்சுத்திணறல், மனச்சோர்வு, பதற்றம், பொதுவான நலம் ஆகிய ஒன்பதுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண். 0 என்றால் துளியும் இல்லை (பொதுவான நலத்துக்கு மட்டும், மிக நன்று), 10 என்றால் நினைத்துப் பார்க்கக்கூடிய அளவில் மிக மோசம். உங்கள் அம்மாவுக்கு இவற்றோடு மரத்துப்போதல், தூக்கம், மலச்சிக்கல் மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மலச்சிக்கலை யாரும் தாமாகச் சொல்வதில்லை. ஆனால் குமட்டலுக்குத் தரும் ஆன்டான்செட்ரான் போன்ற மருந்துகளும், மார்பின் வகை வலி மருந்துகளும் மலச்சிக்கலை உண்டாக்குபவை. மார்பின் தொடங்கும்போதே மலமிளக்கியும் சேர்த்துத் தர வேண்டும். வலிக்கு மாத்திரை போட்டால், போட்ட நேரம், ஒரு மணி நேரம் கழித்து வலி எவ்வளவு குறைந்தது, அடுத்த வேளைக்கு முன்பே திரும்பியதா என்று மூன்று சொற்களில் குறியுங்கள். அளவைக் கூட்டுவதா, இடைவெளியைக் குறைப்பதா, மருந்தையே மாற்றுவதா என்று மருத்துவர் முடிவெடுப்பது இதை வைத்துத்தான். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில், அந்த அறிகுறியால் அன்று செய்ய முடியாமல் போனது ஏதாவது உண்டா என்பதையும் எழுதுங்கள். ஒருவருடைய 6 இன்னொருவருடைய 6 ஆக இருப்பதில்லை.

எண்ணை அம்மாவே சொல்ல வேண்டும். நீங்கள் ஊகித்து எழுதக் கூடாது. குடும்பத்தினர் நோயாளியின் வலியையும் மனத்துயரையும் அவர் உணர்வதைவிடச் சற்று அதிகமாகவே மதிப்பிடுகிறார்கள், மருத்துவப் பணியாளர்கள் பெரும்பாலும் குறைவாக மதிப்பிடுகிறார்கள் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்டிருக்கிறது. நீங்கள் கவனிப்பதும் பயனற்றதல்ல. நடையில் தடுமாற்றம், வழக்கத்துக்கு மாறான தூக்கம், சாப்பாட்டின் அளவு ஆகியவற்றைத் தனியாக, "மகள் கவனித்தது" என்று குறித்து எழுதுங்கள். மருத்துவரைப் பார்க்கும் நாளில் முழு நோட்டையும் நீட்டாமல், முதலில் பேச வேண்டிய இரண்டு அல்லது மூன்று விஷயங்களை ஒரு தாளில் எழுதி, உட்கார்ந்த உடனேயே கொடுத்துவிடுங்கள். எழுந்து வரும்போது சொல்வது பெரும்பாலும் காதில் விழாமலே போய்விடுகிறது.

சிலவற்றை நோட்டில் எழுதிக் காத்திருக்கக் கூடாது, உடனே அழைக்க வேண்டும். அவற்றில் முதலிடம் காய்ச்சலுக்கு. கீமோவுக்குப் பிந்தைய நாட்களில் வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும். அப்போது வரும் தொற்று சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், நள்ளிரவானாலும் அழையுங்கள். வெப்பத்தை அளக்காமல் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். காய்ச்சல் இறங்கிவிடும், தொற்று மறைந்தபடி வளரும். ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கும் நாட்களில் காய்ச்சலே வராமலும் தொற்று இருக்கலாம் என்பதால், நடுக்கமும் திடீர்த் தளர்ச்சியும் இருந்தாலே போதும், அழைக்கலாம். சினைப்பைப் புற்றுநோயில் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது குடல் அடைப்பு: வயிறு உப்பி, வாந்தி தொடர்ந்து, வாயுவும் மலமும் போகாமல் நின்றால் அது அவசரநிலை. ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், அல்லது திடீர் மூச்சுத்திணறலும் மார்பு வலியும் ரத்தக்கட்டியின் அடையாளமாக இருக்கலாம். நிற்காத ரத்தக்கசிவு, ஒருநாள் முழுதும் தண்ணீர்கூட வயிற்றில் தங்காத நிலை, புதிதாக வரும் மனக்குழப்பம், முதுகுவலியோடு கால்கள் வலுவிழப்பது ஆகியவையும் அப்படியே.

பாலியேட்டிவ் கேர் பற்றிய அம்மாவின் பயம் மிகவும் இயல்பானது, ஆனால் அந்த மருத்துவரைப் பார்க்காமல் இருப்பதற்கு அது காரணமாகிவிடக் கூடாது. பாலியேட்டிவ் மருத்துவர் புற்றுநோய் மருத்துவருக்குப் பதிலாக வருபவர் அல்ல. வலி, வாந்தி, தூக்கமின்மை, மனத்துயர் ஆகியவற்றில் தனிப்பயிற்சி பெற்று அவரோடு சேர்ந்து பணிபுரிபவர். நோயைக் குணப்படுத்தும் நோக்கில் சிகிச்சை நடக்கும்போதும் அவரைப் பார்க்கலாம். பாஸ்டனில் ஜெனிஃபர் டெமலும் சக ஆய்வாளர்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. பரவிய நுரையீரல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்ட 151 பேரில், தொடக்கத்திலிருந்தே பாலியேட்டிவ் குழுவையும் சந்தித்தவர்களிடம் மனச்சோர்வு அறிகுறிகள் 16 சதவீதத்தினருக்கே இருந்தன. சந்திக்காதவர்களில் 38 சதவீதத்தினருக்கு இருந்தன. முந்தைய பிரிவினர் வாழ்ந்த காலத்தின் இடைநிலையும் 8.9 மாதத்துக்குப் பதில் 11.6 மாதம். உங்கள் மருத்துவர் இப்போதே அனுப்புகிறார் என்றால் அது அக்கறையான முடிவு. நோட்டை அங்கேயும் எடுத்துச் செல்லுங்கள். அவர்கள்தான் அதை வரிக்கு வரி படிப்பவர்கள்.

ஆறு சுற்றும் முடிந்த பிறகு நோட்டை மூடிவிடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் சிகிச்சை முடிந்த குடும்பங்கள் மிகத் தனித்துவிடப்படுவது அந்தக் கட்டத்தில்தான். ஏற்றிய மருந்துகள், மொத்த அளவு, அறுவை சிகிச்சையின் விவரம், அடுத்து எப்போது யாரைப் பார்ப்பது ஆகியவை அடங்கிய சுருக்கத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். களைப்பு மாதக்கணக்கில் நீடிக்கலாம். ஓய்வு மட்டுமே அதைத் தீர்ப்பதில்லை, மருத்துவரின் அனுமதியோடு மெல்லக் கூட்டிக்கொண்டு போகும் நடைப்பயிற்சிக்கு அதைவிட வலுவான சான்று இருக்கிறது. பாதம் மரத்திருக்கும்வரை விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வெந்நீரின் சூட்டைக் கையால் மட்டும் சோதிக்க வேண்டாம்.

அப்போது அம்மாவின் கவலை முழுவதும், சினைப்பைப் புற்றுநோய் திரும்புகிறதா என்று கவனிக்கப் பார்க்கும் சிஏ 125 என்ற ரத்தப் பரிசோதனை எண்ணின் மீது திரும்பக்கூடும். 2010இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் 529 பெண்கள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். இந்த எண் கூடிய உடனேயே மறுபடி கீமோ தொடங்கியவர்கள், அறிகுறிகள் வரும்வரை காத்திருந்து தொடங்கியவர்களைவிட அதிகக் காலம் வாழவில்லை. வாழ்க்கைத்தரம்தான் முன்கூட்டியே குறைந்தது. இந்தப் பரிசோதனையைத் தொடர்வதா என்பதை உங்கள் மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள். ஆனால் வயிறு உப்புதல், சிறிது சாப்பிட்டாலே வயிறு நிரம்பிவிடுதல், அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் வருதல் இவற்றில் ஏதேனும் புதிதாகத் தோன்றி இரண்டு மூன்று வாரம் நீடித்தால், அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காமல் தெரிவியுங்கள். மாதம் ஒருமுறை பத்து நிமிடம் எழுதும் பழக்கம் இருந்தால் இந்த மாற்றம் உங்கள் கண்ணில் தப்பாது.