சைக்ளோடெக்ஸ்ட்ரின் வைத்துப் பிரிப்பது: கேள்வி பதில்

கேள்வி (முதுகலை மாணவி): ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமான மூலக்கூறுகள், அதாவது எனான்டியோமர்கள், இரண்டுக்கும் எடை ஒன்று, மின்சுமை ஒன்று. மின்புலம் கொடுத்த கேபிலரியில் (மெல்லிய குழாயில்) ஒரே வேகத்தில்தானே ஓடும்? அப்புறம் எப்படிப் பிரிகின்றன?

பதில்: மின்புலத்துக்கு அவற்றை வேறுபடுத்தத் தெரியாது, சைக்ளோடெக்ஸ்ட்ரினுக்குத் தெரியும். குளுக்கோஸ் அலகுகள் வளையமாகக் கோத்து, ஒரு வாய் அகன்று மறுவாய் குறுகிய வாளி போல இருக்கும் அது. ஆல்ஃபாவில் 6 அலகு, பீட்டாவில் 7, காமாவில் 8. உட்குழி நீரை அவ்வளவாக விரும்பாது என்பதால் பென்சீன் வளையம் போன்ற பகுதி உள்ளே போய் அமரும். குளுக்கோஸ் கைரலானது (தன் கண்ணாடி பிம்பத்தோடு பொருந்தாதது), ஆகவே இரண்டும் ஒரே இறுக்கத்தில் அமர்வதில்லை. இறுக்கமாக அமர்வது அந்தப் பாரத்தோடு அதிக நேரம் ஓடுகிறது, பின்தங்குகிறது.

கேள்வி: பீட்டாவின் செறிவைக் கூட்டினேன், பீக்குகள் (பதிவில் ஒவ்வொன்றுக்கும் வரும் முகடுகள்) பிரிந்தன. இன்னும் கூட்டினால் மறுபடி ஒட்டிக்கொள்கின்றன. ஏன்?

பதில்: எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வி இது. செறிவு பூஜ்யமென்றால் இரண்டும் தனியாக, ஒரே வேகத்தில் போகும். மிக அதிகமென்றால் இரண்டும் எந்நேரமும் பிணைந்தே, கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் போகும். வேக வித்தியாசத்தின் உச்சம் நடுவில்தான். இரண்டு பிணைப்பு மாறிலிகளையும் (வளையத்தோடு எவ்வளவு வலுவாகப் பிணைகின்றன என்பதன் அளவுகளை) பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, அதால் 1-ஐ வகுங்கள்; உச்சத்துக்கான செறிவு வந்துவிடும். மாறிலிகள் (மோலார் அலகில்) 500-ஐ ஒட்டி இருந்தால் 2 மில்லிமோலார், 50-ஐ ஒட்டி இருந்தால் 20. அதாவது நன்றாகப் பிணையும் ஜோடிக்குக் குறைவாகத்தான் போட வேண்டும். பிணைப்பு பலவீனமென்றால் வேறொரு சிக்கல்: சாதாரண பீட்டா 25 டிகிரியில் 100 மில்லி நீரில் 1.85 கிராம்தான் கரையும், சுமார் 16 மில்லிமோலார். 20 வேண்டுமென்றால் ஹைட்ராக்சிபுரோப்பைல் பீட்டாவுக்குப் போங்கள். ஆனால் அதை நன்றாகக் கரையும் பீட்டா என்று மட்டும் நினைக்காதீர்கள். பிணையும் விதமே மாறலாம், செறிவை மறுபடி தேட வேண்டியிருக்கும்.

கேள்வி: என் சேர்மங்களுக்கு மின்சுமையே இல்லை. இது உதவுமா?

பதில்: சுமையில்லாத சைக்ளோடெக்ஸ்ட்ரின் மட்டும் போட்டால் உதவாது, எல்லாம் மின்சவ்வூடு ஓட்டத்தோடு (மின்புலத்தால் குழாயிலுள்ள திரவமே நகர்வதோடு) சேர்ந்தே வரும். டெராபே குழுவினர் 1985-இல் கார்பாக்சிமெத்தில் பீட்டாவைப் பயன்படுத்திக் காட்டிய வழி இதற்குத்தான்: சுமையுள்ள வளையமே தானும் நகர்ந்தபடி பிரிக்கும் ஊடகமாகிவிடுகிறது. இன்னொரு வழி, எஸ்டிஎஸ் மைசெல்லோடு (சோப்பு போன்ற மூலக்கூறுகள் நீரில் திரண்ட உருண்டையோடு) காமாவைச் சேர்ப்பது. நீரை வெறுக்கும் சேர்மங்கள் மைசெல்லுக்குள்ளேயே கிடக்காமல் இரண்டுக்கும் இடையே பங்கிட்டுக்கொள்ளும்.

கேள்வி: சல்ஃபேட் ஏற்றிய பீட்டா போட்டால் மின்னோட்டம் எகிறுகிறது.

பதில்: அது உப்பு போலத்தான், எதிர் அயனிகளும் கூடவே வரும். மின்னழுத்தத்தை 5 கிலோவோல்ட் படிகளில் ஏற்றி, ஒவ்வொரு படியிலும் மின்னோட்டத்தைக் குறியுங்கள். கோடு நேராக இருக்கும்வரை சரி. மேல்நோக்கி வளையத் தொடங்கினால் கேபிலரி சூடாகிறது, அதற்குக் கீழேயே ஓட்டுங்கள். வாங்கும் தொகுதிக்குத் தொகுதி சல்ஃபேட் எண்ணிக்கையும் மாறலாம், அதனால் தொகுதி எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள்.

கேள்வி: 0.1 சதவீதம் இருக்கும் எதிர் எனான்டியோமர், பெரிய பீக்கின் வாலில் மறைந்துபோகிறது.

பதில்: அப்படியென்றால் சிறியதை முன்னால் வரவையுங்கள். சேர்மம் நேர்சுமை கொண்ட காரமென்றால், குறைந்த பிஎச்சில் எதிர்மின்சுமை கொண்ட சல்ஃபேட் வகையைப் போதிய செறிவில் போட்டு, துருவத்தை மாற்றி ஓட்டிப் பாருங்கள். வலுவாகப் பிணைவதை வளையம் இழுத்துக்கொண்டு முதலில் வரும். உங்களுடைய சிறிய பீக் அப்படி வலுவாகப் பிணைவதாக இல்லாவிட்டால், வேறு வகை வளையத்தைத் தேடுங்கள்.