ஜாஸ் இசையைக் கண்டுபிடித்தவர் யார்?

ஒருவரைக் கைகாட்ட முடியாது; ஊரைக் காட்டலாம். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ்.

அந்தத் துறைமுக நகரில் காங்கோ சதுக்கம் என்றொரு திடல் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கூடி, முரசு கொட்டி ஆடினார்கள். அந்தத் தாள மரபோடு தேவாலயப் பாடல், ப்ளூஸ் என்னும் கறுப்பின மக்களின் சோகப் பாடல், ராக்டைம் என்னும் துள்ளல் பியானோ இசை, பேண்டு வாத்தியக்காரர்களின் அணிவகுப்பு இசை எல்லாம் காலப்போக்கில் கலந்தன. அவ்வூர்ச் சவ ஊர்வலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: கல்லறைக்குப் போகும்போது மெல்ல அழும் அதே வாத்தியங்கள், திரும்பும்போது துள்ளும். ஜாஸின் குணம் முழுவதும் அதில் இருக்கிறது என்பேன்.

1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் பட்டி போல்டன் என்ற கறுப்பினக் கலைஞர் ட்ரம்பெட் போன்ற கார்னெட் என்ற ஊதுகருவியை வாசித்துப் பெயர் பெற்றார். அவர் வாசிப்பின் ஒலிப்பதிவு ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. 1917இல் முதல் ஜாஸ் இசைத்தட்டை வெளியிட்டதோ ஒரு வெள்ளையர் குழு! வரலாறு சில நேரம் இப்படித்தான் ஓரவஞ்சனை செய்கிறது.

பிழைப்புத் தேடி வடக்கே போன கறுப்பின மக்களோடு இசையும் போனது. 1922இல் நியூ ஆர்லியன்ஸின் கார்னெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் சிகாகோ சேர்ந்தார். அதுவரை குழுவாகப் பின்னிப் பின்னி வாசிப்பதே வழக்கம். தனி ஒருவரின் கற்பனை வாசிப்பை நடுநாயகமாக்கியதில் அவர் பங்கு பெரிது. 1930களில் பியானோ கலைஞர் ட்யூக் எலிங்டன் போன்றோரின் பெரிய குழுக்கள் நடனக் கூடங்களை ஆண்டன. 1940களில் சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரும் ட்ரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியும் 'பீபாப்' பாணியில் வேகத்தையும் சிக்கலையும் கூட்ட, ஆட வந்தவர்கள் உட்கார்ந்து கேட்கத் தொடங்கினார்கள்.